பழைய மோரிஸ் மைனரை வீட்டிலேயே எழுப்புவது: எதை மாற்றலாம், எதை வெட்டக்கூடாது

9 பிப்ரவரி 2020 (கேள்வி)

பழைய கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வீட்டு ஷெட்டில் வைத்தே பிரித்துச் செய்ய ஆசை. வேறு இன்ஜின், டிஸ்க் பிரேக், ஐந்து கியர் எல்லாம் போட்டால்தான் இன்றைய ரோட்டில் ஓட்ட முடியும் என்பது என் எண்ணம். அப்படியே வைத்திருந்தால் அது வெறும் காட்சிப்பொருள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2020, இரவு (என் பதில்)

என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. என்னிடம் இருப்பது 1959-ஆம் வருட மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு வண்டி. பெரியப்பா ஓட்டியது. 22 வருடம் ஒரு சாய்ப்புக்கு அடியில் நின்றுவிட்டு என் ஷெட்டுக்கு வந்து 14 மாதம் ஆகிறது. 948 சிசி இன்ஜின். புதிதில் 37 குதிரைத்திறன். அந்த 37-ஐ வைத்துக்கொண்டே பெரியப்பா குடும்பத்தோடு ஊர் ஊராகப் போய் வந்தார். மலைப் பாதையில் இரண்டாவது கியரில் அது ஏறும் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

இது 1948-ல் வந்த வடிவம். அப்போதே ரேக்-பினியன் ஸ்டியரிங், முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன் (முறுகும் இரும்புத் தண்டே ஸ்பிரிங்). வளைவில் அது திரும்பும் விதத்தைப் பார்த்தால் பழைய வண்டி என்று தோன்றாது. உங்கள் வண்டி எதுவோ தெரியாது. ஆனால் நல்ல நிலையில் அது எப்படி ஓடும் என்பதே தெரியாமல் எதை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். கழண்ட புஷ்ஷும் ஊதிப்போன பிரேக் ஹோஸும் உள்ள வண்டியை ஓட்டிவிட்டு "பழைய வண்டியே இப்படித்தான்" என்கிறோம். முதலில் அதை அதுவாகவே ஒரு முறை ஓட விடுங்கள். மாற்றத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

என் கட்சி இது: ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது.

10 பிப்ரவரி 2020

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்ஜினில் ஆரம்பிக்காதீர்கள். சத்தம் கேட்க வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் அங்கேதான் கை வைக்கிறோம், நானும் அப்படித்தான். இன்ஜினைக் கெடுத்தாலும் இன்னொன்று தேடிவிடலாம். பாடிக்கு அப்படி மாற்று கிடையாது.

மைனருக்குத் தனி சேசிஸ் இல்லை, பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம், முன் சேசிஸ் கால்கள், பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் இந்த நான்கும் கெட்டால் வண்டி கெட்டது. மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தாலும் கணக்கில் வராது. தரை விரிப்பைக் கழற்றுங்கள். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்து இந்த இடங்களில் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் அது தகடு இல்லை, பெயிண்ட். முந்தைய கைகள் அப்பிய பட்டியைக் கண்டுபிடிக்க மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் போதும். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. என் வண்டியில் பின் மட்கார்டில் ஓரிடத்தில் பட்டி மட்டும் ஒரு விரல் கனம் இருந்தது.

16 பிப்ரவரி 2020

சில் பற்றி விளக்கமாகக் கேட்டவருக்கு என் தவறையே சொல்கிறேன். இதை யாரும் திரும்பச் செய்யக்கூடாது.

இடது பக்கச் சில் அடியோடு அரித்திருந்தது. புதுத் தகடு தயார். இன்ஜினைக் கழற்றியாயிற்று, கதவுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்தாயிற்று, வண்டி நான்கு ஸ்டாண்டில் நிற்கிறது. கிரைண்டரை எடுத்து ஒரு சனிக்கிழமை காலையிலேயே சில் முழுவதையும் ஒரே துண்டாக அறுத்து எடுத்துவிட்டேன். அன்றைக்கு மதியம் எனக்கு அவ்வளவு பெருமை. புதுத் தகடு பொருந்தியது, டாக் (ஆங்காங்கே புள்ளி வெல்டிங்) வைத்தேன், முழுக்க வெல்டிங் அடித்தேன், சாணை பிடித்தேன். இரண்டு வாரம் கழித்துக் கதவை மாட்டினால் பின் கதவு மூடவில்லை. மேலே இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இடிக்கிறது, கீழே விரல் நுழைகிறது. அளந்தபோது 8 மில்லிமீட்டர் வித்தியாசம்.

நடந்தது இதுதான். சில்லைத் தாங்கலாக வைத்துத்தான் அந்தப் பாடி நிமிர்ந்து நிற்கிறது. அதை எடுத்ததும் நடு பாகம் சற்றே தொய்ந்தது. தொய்ந்த நிலையிலேயே நான் புதுத் தகட்டைப் பற்ற வைத்து அந்தத் தொய்வை நிரந்தரமாக்கிவிட்டேன். வெல்டிங் வலுவாக இருந்ததுதான் இன்னும் கஷ்டம். மறுபடி அறுத்து, ஜாக்கியால் நூல் நூலாக உயர்த்தி, கதவு சரியாக உட்காரும் வரை பார்த்து, திரும்ப முதலிலிருந்து செய்தேன். ஒரு மாதம் போனது.

செய்ய வேண்டிய முறை: அறுப்பதற்கு முன் கதவு வாசல் ஒவ்வொன்றிலும் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் செய்து பூட்டுங்கள். மூலைக்கு மூலை அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். ஒரே நேரத்தில் ஒரு சாண் நீளம்தான் அறுக்க வேண்டும். டாக் வைத்ததும் கதவை மாட்டி மூடிப் பாருங்கள், அப்புறம்தான் முழு வெல்டிங். அதுவும் ஒரே ஓட்டமாக இழுக்காமல் விட்டு விட்டு, இடம் மாற்றி மாற்றி. சூட்டில் தகடு நெளியும்.

17 பிப்ரவரி 2020

நேற்று எழுதாமல் விட்டது. வெல்டிங் செய்யும் இடத்தைச் சுத்தம் செய்ய, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரேயைத் தொடவே தொடாதீர்கள். அதன் மிச்சம் வெல்டிங் சூட்டில் ஃபாஸ்ஜீன் என்ற விஷ வாயுவாக மாறும். கால்வனைஸ் தகடென்றால் முதலில் அந்தப் பூச்சைச் சுரண்டிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பெட்ரோல் டேங்க் வண்டியில் இருக்கவே கூடாது. வெல்டிங் முடிந்து ஒரு மணி நேரமாவது ஷெட்டை விட்டுப் போகாதீர்கள். கதவுக்குள் ஒட்டிய பழைய தார்ப் பலகை புகையாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும்.

23 பிப்ரவரி 2020

கழற்றுவதைப் பற்றிச் சின்னக் குறிப்பு. போட்டோ எடுங்கள், ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் பேனாவால் எழுதாதீர்கள். நான் டேப் ஒட்டி மார்க்கரால் எழுதினேன். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஒரு வருடத்தில் பாதி அழிந்துவிட்டது. அட்டைத் துண்டில் பென்சிலால் எழுதியவை மட்டும் அப்படியே நிற்கின்றன. டார்ஷன் பார் இரண்டையும் கழற்றும் முன்பே இடது, வலது என்று அடையாளம் வையுங்கள். இத்தனை வருடம் ஒரு திசையில் முறுகிப் பழகியவை அவை, பக்கம் மாற்றிப் போடக்கூடாது. அவற்றை உளியாலோ இடுக்கியாலோ கீறவும் கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் பின்னால் உடையும்.

1 மார்ச் 2020

துரு நீக்க நான் செய்வது: பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சலவைச் சோடா. துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவில் கட்ட வேண்டும். பாசிட்டிவில் ஏதாவது உபயோகமற்ற இரும்புத் துண்டு. ஓர் இரவு விட்டால் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்துவிடும். நல்ல இரும்பை அது தின்னாது என்பதால் ஆசிட்டைவிட எனக்கு இது பிடிக்கும். கொட்டகைக்கு வெளியே வையுங்கள், ஹைட்ரஜன் வாயு வரும், பொறி பட்டால் வெடிக்கும். சின்னப் பாகம் எல்லாவற்றையும் இதிலேயே போடலாம்.

பாசிட்டிவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி போடலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீரே விஷமாகும்.

3 மார்ச் 2020

"எல்லாவற்றையும்" என்று எழுதியது தவறு. ஸ்பிரிங், கெட்டிப்படுத்திய போல்ட் போன்றவற்றை இதிலும் போடக்கூடாது, ஆசிட்டிலும் போடக்கூடாது. ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். பார்வைக்குப் புதுசு மாதிரி இருக்கும், சுமை ஏறினால் திடீரென்று உடையும். அவற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதே நல்லது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. என் வால்வ் ஸ்பிரிங் எட்டையும் தொட்டியில் முக்கி எடுத்திருந்தேன். இன்று எல்லாவற்றையும் தூக்கி ஒதுக்கிவிட்டேன், புதிது போடுகிறேன்.

22 மார்ச் 2020

இறுகிப்போன இன்ஜின். இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள், அதனால் விளக்கமாகவே.

22 வருடம் நின்ற இன்ஜினை செல்ஃப் அடித்துச் சுற்ற முயற்சிக்காதீர்கள். வேறு வண்டியில் கட்டி இழுக்கவும் வேண்டாம். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டியிருக்கும். பலம் கொடுத்தால் ரிங் உடையும். நான் நான்கு பிளக்கையும் கழற்றி, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றினேன். அசிட்டோன் ஆவியாகும், பெயிண்டையும் தின்னும், எனவே மூடி வையுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றி, முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாக இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் அழுத்தினேன். முதல் எட்டு நாள் ஒன்றும் அசையவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் அழுத்தியபோது கையில் ஒரு சின்ன விட்டுக்கொடுப்பு தெரிந்தது. சத்தம்கூட இல்லை. நான் ஹேண்டிலை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா காலையில் அந்த ஹேண்டிலைச் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

சுற்றிவிட்டது என்பதற்காக ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஹெட்டைக் கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர் நின்ற இடத்தில் வட்டமாக ஒரு பள்ளம். சிலிண்டர்களை 0.020 அங்குலம் பெரிதாகக் கடைந்து (ரீபோர்), அதற்கேற்ற பிஸ்டன் போட்டேன். ஹெட் கையில் இருக்கும்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடின வால்வ் சீட் (வால்வ் உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். இந்த ஹெட்டில் சீட் என்று தனியாக எதுவும் இல்லை, வார்ப்பிரும்பிலேயே வெட்டியிருக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயம் சீட்டுக்கு ஒரு காப்பு. இப்போது அது இல்லை. வேகமாக ஓட்டினால் வால்வ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே பதிந்துகொண்டே போகும், டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையே விடுவது) குறைந்துகொண்டே வரும்.

டேப்பெட் இடைவெளி 0.012 அங்குலம், இன்ஜின் குளிர்ந்த நிலையில். சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2.

அப்புறம் ஒன்று. "ஒரு திருகாணியைக்கூட மாற்றக்கூடாது" என்று பிப்ரவரியில் எழுதியவன் இப்போது வால்வ் சீட்டை மாற்றச் சொல்கிறேன் என்று ஒருவர் கவனித்திருக்கிறார். சரியான கவனிப்பு. பெட்ரோல் மாறிவிட்டது, அதற்கேற்ப இதுவும் மாற வேண்டும். இதை விதிவிலக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

5 ஜூலை 2020

பிரேக்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளேயிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதுவது பலருக்குப் பழக்கம். செய்யாதீர்கள். அந்தக் கால ஷூ லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியோடு பையில் கட்டிப் போடுங்கள். முகக்கவசம் கட்டாயம்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில் சேசிஸ் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் போல்ட்டை வெளியே இழுக்க டார்ஷன் பார் குறுக்கே நிற்கும். இரண்டு நாள் படுத்துப் படுத்து வேலை செய்தேன். எரிச்சலில் "இதை எடுத்துவிட்டு வேறு எங்காவது வைத்தால் என்ன" என்று தோன்றியது. பலர் பானட்டுக்குக் கீழே மாற்றி வைக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் அதே இடத்தில்தான் மாட்டினேன்.

டிஸ்க் பிரேக் கேள்விக்கு வருகிறேன். 948-ன் முன் டிரம் 7 அங்குலம். 1962-ல் 1098 சிசி இன்ஜின் வந்தபோது கம்பெனியே முன்பக்கத்தை 8 அங்குலமாக்கியது. அந்த 8 அங்குலத் தொகுதியை என் வண்டியில் போட்டேன். எதையும் அறுக்கவில்லை, துளைக்கவில்லை. வேண்டாமென்றால் ஒரே நாளில் பழையதை மாட்டிவிடலாம். நல்ல ஷூ, நன்றாகக் கடைந்த டிரம், சரியான அட்ஜஸ்ட்மெண்ட் இருந்தால் இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் அது போதும். இரண்டாவது விதிவிலக்கு.

ஒன்றை மறக்காதீர்கள்: ஒரே சர்க்யூட். ஒரு குழாய் ஓட்டையானால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும், மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும். குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாமே புதிது போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

19 ஆகஸ்ட் 2020

ஒருவர் எழுதியிருப்பது என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. "இந்த வண்டியை உருவாக்கிய அலெக் இசிகோனிஸே அதை நடுவில் அறுத்தவர்தானே? உங்களுக்கு மட்டும் ஏன் அறுக்கக்கூடாது?"

உண்மைதான். மாதிரி வண்டி தயாராகி, உற்பத்திக்குக் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த நேரத்தில் அவருக்கு அகலம் போதவில்லை என்று பட்டது. வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொல்லி, பாதிகளைத் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். இன்றும் எந்த மைனரின் பானட்டையும் பாருங்கள், நடுவில் ஒரு பட்டை ஓடும், அந்த 4 அங்குலம்தான் அது. முன்பே செய்து வைத்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்து ஆரம்ப வண்டிகளில் போட்டார்கள். அப்படித்தான் 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு அது வந்தது.

என்னிடம் இருக்கும் பதில்: அவர் ஒரு மாதிரியை அறுத்தார். தப்பாகியிருந்தால் இன்னொன்று செய்திருப்பார். என் ஷெட்டில் நிற்பதற்கு மாற்று இல்லை. ஆனாலும் பதில் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. அவர் அறுத்தது அழகுக்காக மட்டும் இல்லை, வண்டி நன்றாக நிற்கவும் ஓடவும். அப்படிப்பட்ட காரணம் இருந்தால் நானும் செய்யலாம் என்றுதானே ஆகிறது. யோசிக்கிறேன்.

29 நவம்பர் 2020

வயரிங். பழைய துணி சுற்றிய வயரைத் தொட்டாலே உதிர்ந்தது, முழுக்க மாற்றினேன். நிறங்களை மட்டும் பழைய வரைபடத்தின்படியே வைத்தேன். பின்னால் யார் பிரித்தாலும் புரிய வேண்டும். இந்த வண்டிக்கு மொத்தமே இரண்டு ஃபியூஸ், ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே இல்லை. டேஷுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் நான்கு ஃபியூஸ் கூட்டினேன்.

பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பதை) நெகட்டிவாக மாற்றுவதா என்று கேட்டிருந்தார்கள். நவீன ஸ்டீரியோ, சார்ஜர் எதுவும் வேண்டாமென்றால் தேவையே இல்லை. மாற்றுவதென்றால் பேட்டரியைத் திருப்பி வைத்தால் போதாது. இக்னிஷன் காயிலின் இரண்டு வயரை மாற்றிப் போட்டு, டைனமோவின் ஃபீல்ட் முனையில் ஒரு நொடி பேட்டரி மின்சாரம் தொட்டு அதன் துருவத்தைத் திருப்ப வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் ரெகுலேட்டர் பாயிண்ட் கருகும்.

இனி எனக்குப் பிடித்த விஷயம். 1959 வண்டியில் இண்டிகேட்டர் என்பது கைகாட்டிதான். கதவுக்கு நடுவிலுள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை சொலினாய்டின் இழுப்பில் எழும், உள்ளே பல்பு எரியும். 1961-ல்தான் விட்டு விட்டு எரியும் விளக்கு வந்தது. சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து "கையைத் தூக்கு பெரியப்பா" என்று கேட்போம். திரும்ப வேண்டியதே இல்லாவிட்டாலும் தூக்கிக் காட்டுவார். அதை எடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் இன்று பின்னால் வருகிற யாரும் அந்தத் தூணைப் பார்ப்பதில்லை. முன் சின்ன விளக்கில் இரட்டை இழைப் பல்பு, பின் விளக்கிலும் அப்படியே, ஒரு ரிலே, ஒரு ஃப்ளாஷர். அதே சுவிட்சைத் திருப்பினால் கையும் எழும், விளக்கும் சிமிட்டும். ஒரு துளைகூடப் போடவில்லை.

விதிவிலக்குகளை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என் கட்சியைத் திருத்தி எழுதுகிறேன்: திரும்ப எடுத்துவிடக்கூடிய மாற்றம் எதுவும் செய்யலாம். தகட்டை அறுக்கும் மாற்றம் கூடாது.

14 பிப்ரவரி 2021

பெயிண்ட். டூ-கே பெயிண்ட்டை (ஹார்டனர் கலந்து அடிப்பது) வீட்டில் ஸ்பிரே செய்யலாமா என்று கேட்கிறீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண கார்பன் மாஸ்க்கை நம்பி அதில் நிற்காதீர்கள், வெளியிலிருந்து காற்று கொண்டுவரும் முகமூடி வேண்டும். ஒரு முறை ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. என்னிடம் அந்த வசதி இல்லை. பட்டி, பிரைமர், தேய்ப்பு வரை நான் செய்தேன், கடைசிப் பூச்சை வெளியே கொடுத்தேன். பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டே உப்புத்தாள் போடுங்கள்.

வெளியே கொடுத்த இடத்தில் முதல் முறை கதவுகளை எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்காமலே அடித்துவிட்டார்கள். மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகி நின்றது. திரும்ப முழுக்கத் தேய்க்க வைத்தேன். நீங்கள் கொடுத்தால் பிரைமர் நிலையில் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள்.

நிறம்: வெளியே சாம்பல். பின் சீட்டைத் தூக்கினால் அடியில் இளம்பச்சை, அதுதான் பிறந்த நிறம். நான் பச்சைதான் என்று இருந்தேன். மகள் கருநீலம் கேட்டாள். பெயிண்ட் திரும்ப எடுக்கக்கூடியதுதானே என்று என் விதியை என்னிடமே திருப்பினாள். கருநீலம் அடித்தாயிற்று, நன்றாகத்தான் இருக்கிறது. பின் சீட்டுக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்குப் பழைய பச்சையைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

15 பிப்ரவரி 2021

பிரேக் ஆயில் பெயிண்ட்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துணியால் துடைக்காதீர்கள், பெயிண்ட்டும் சேர்ந்து வரும். நேற்று பிரேக்கில் ஏர் எடுக்கும்போது கற்றுக்கொண்டது. முன் மட்கார்டில் உள்ளங்கை அளவு போயிற்று.

20 ஜூன் 2021

ஒரு பெரிய திருத்தம். அடிப்பக்கத்துக்குக் கறுப்பு அண்டர்கோட்டைத் தாராளமாக அடிக்கச் சொல்லி ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். அவர் இதைப் படித்தால் இன்றே வண்டிக்கு அடியில் போய்ப் பாருங்கள்.

மழை பெய்த மறுநாள் கதவைத் திறந்தபோது உள்ளே சளப் என்று ஒரு சத்தம். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிய மூன்று துளை உண்டு. நான் அடித்த பூச்சு மூன்றையும் அடைத்துவிட்டது. சில்லிலும் அதே கதை. 22 வருடம் நின்றும் இவ்வளவாவது தகடு மிஞ்சியது அந்தத் துளைகளால்தான். நான் ஒரே பூச்சில் மூடிவிட்டேன். கம்பியால் எல்லாவற்றையும் குத்தித் திறந்து, ஒரு வாரம் காயவிட்டு, உள்ளே மெழுகு ஸ்பிரே அடித்தேன். மெழுகு இளகி மடிப்புகளுக்குள் தானே ஊரும். அண்டர்கோட் இறுகிப்போய் ஓரம் விட்டால் பின்னால் ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவை மறைக்கும். இனி நான் அண்டர்கோட் அடிப்பதாக இல்லை.

26 செப்டம்பர் 2021

ஓடுகிறது.

முதல் நீண்ட ஓட்டம், 60 மைல். பெரியம்மா முன் சீட்டில். வழியில் எதுவும் பேசவில்லை. ஓரிடத்தில் திரும்பும்போது தூணிலிருந்து கை எழுந்த கிளிக் சத்தம் கேட்டு, திரும்பிப் பார்த்து அதைத் தொட்டார்.

இன்ஜின் 50 மைலுக்கு மேல் கொஞ்சம் அலறுகிறது. ஐந்து கியர் பெட்டி போடச் சொல்கிறார்கள். அதற்குப் பலர் செய்யும் முறையில் கியர்பாக்ஸைத் தாங்கும் சட்டத்தில் கை வைக்க வேண்டும். எனவே வேறு வழி: 948-ன் டிஃபரன்ஷியல் (பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதி) விகிதம் 4.55, 1098-ல் வந்தது 4.22. மாற்றினால் அதே வேகத்தில் இன்ஜின் 7 சதவீதம் மெதுவாகச் சுற்றும். அச்சுக்குள்ளிருந்து ஒரே தொகுதியாகக் கழன்று வரும், வேண்டாதபோது திரும்பப் போடலாம்.

7 நவம்பர் 2021

டிஃபரன்ஷியல் மாற்றியாயிற்று. மேட்டில் சற்று இழுவை குறைவு, சமவெளியில் நிம்மதி. செப்டம்பரில் சொல்ல மறந்தது: ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவதால் இனி குறைத்துக் காட்டும். முள் 50-ல் நின்றால் உண்மையில் கிட்டத்தட்ட 54. மீட்டரைச் சரிசெய்யும் வரை மனதில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

16 ஜனவரி 2022

சீட் பெல்ட். 1959 பாடியில் அதை மாட்ட இடமே கிடையாது. போடுவதென்றால் தூணிலும் சில்லிலும் துளைத்து, பின்னால் கனமான தகடு வெல்ட் செய்து, அதில் நட்டைப் பிடிக்க வைக்க வேண்டும். வெறும் மெல்லிய தகட்டில் போல்ட் போட்டால் மோதும்போது பிய்த்துக்கொண்டு வரும். அதாவது என் விதிப்படி செய்யவே கூடாத வேலை.

போட்டுவிட்டேன். மகள் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். அவள் முதல் முறை தனியாக எடுத்துக்கொண்டு போன பத்து நிமிடம் நான் வாசலிலேயே நின்றேன். அன்று இரவே தூணில் துளை போடும் இடத்தைக் குறித்துவிட்டேன். ஆகஸ்ட் 2020-ல் இசிகோனிஸ் பற்றிக் கேட்டவருக்கு இதுதான் என் பதில். அன்று தெரியவில்லை, இப்போது தெரிகிறது.

ஆனால் இன்னொரு துளையும் இருக்கிறது. ஆரம்பத்தில், யாரிடமும் சொல்லாமல், டேஷில் டெம்பரேச்சர் மீட்டருக்காக 52 மில்லிமீட்டர் வட்டம் ஒன்று அறுத்தேன். அதை டேஷுக்குக் கீழே ஒரு பட்டையில் தொங்கவிட்டிருந்தாலே போதும். சீட் பெல்ட் துளை நான்கும் என் கண்ணில் படுவதே இல்லை. இந்த ஒன்று வண்டியில் உட்காரும்போதெல்லாம் தெரிகிறது. தகடு வெட்டி வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் அதை மூடி வெல்ட் செய்து திரும்பப் பெயிண்ட் அடிக்கிறேன்.

2 மார்ச் 2022

முதலில் கேள்வி கேட்டவரின் வண்டியும் மைனர்தான் என்று இப்போதுதான் தெரிகிறது. ஸ்டார்ட் ஆகிவிட்டது, நாளை ரோட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறார். பழைய இன்ஜினையே வைத்துக்கொண்டாராம். ரொம்ப சந்தோஷம்.

போகும் முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில் இரண்டு பக்கமும் மேல் டிரன்னியனுக்கும் கீழ் டிரன்னியனுக்கும் (சக்கரம் திரும்பும் தண்டைப் பிடிக்கும் மரையிட்ட மூட்டுகள்) கிரீஸ் அடியுங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் மரைக்குள் சரியாகப் போகாது. கீழ் டிரன்னியன் மரை காய்ந்து தேய்ந்தால் ஒரு நாள் கழன்று சக்கரம் உள்ளே மடங்கும், அதுவும் பெரும்பாலும் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நாளை போக வேண்டாம், அடுத்த வாரம் போகலாம். எப்படி ஓடியது என்று இங்கே எழுதுங்கள்.